சதுர அடிக்கு 739 டாலர்: அமெரிக்க மால்களின் ஆண்டு விற்பனை எண்ணுக்குள் எது இருக்கிறது, எது இல்லை

அமெரிக்காவில் மால்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்ற செய்தி பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அந்நாட்டின் மிகப் பெரிய மால் உரிமையாளரான சைமன் ப்ராப்பர்ட்டி குரூப், 2022 கணக்கை வெளியிட்டபோது தன் வளாகங்களில் உள்ள கடைகளின் விற்பனை சதுர அடிக்கு 753 டாலர் என்றது. அதற்கு முன் அந்த நிறுவனம் அப்படியொரு எண்ணைக் கண்டதில்லை. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். பொய் எதுவும் இல்லை. விற்பனை எண் எந்தக் கடைகளை எண்ணுகிறது, எவற்றை எண்ணாமல் விடுகிறது என்று பார்த்துவிட்டால் இரண்டு செய்தியும் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

இந்த ஆய்வுக்கு 2014 முதல் 2024 வரையிலான காலத்தை எடுத்துக்கொள்கிறேன். சைமனின் எண்களே மையம், ஏனென்றால் மற்றவர்கள் திவாலாகியும் கைமாறியும் போன பிறகும் வரிசை அறுபடாமல் கணக்குத் தந்துகொண்டிருப்பவர்களில் பெரியவர் அவர்தான். அந்தக் காரணமே ஒரு எச்சரிக்கையும்கூட. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எண்கள். ஆண்டு முடிவில் சதுர அடிக்கு விற்பனை 2014-இல் 619 டாலர், 2015-இல் 620, 2016-இல் 615, 2017-இல் 628, 2018-இல் 661, 2019-இல் 693. பெருந்தொற்று ஆண்டைத் தாண்டி 2021-இல் 713, 2022-இல் 753, 2023-இல் 743, 2024-இல் 739. முதல் மூன்று ஆண்டுகள் தேக்கம், அப்புறம் ஒரு ஏற்றம், நடுவே பெருந்தொற்றின் இடைவெளி, பிறகு உச்சம், கடைசியில் லேசான சரிவு. கோடாக வரைந்து பார்த்தால் ஆரோக்கியமான தொழில் என்றே சொல்லத் தோன்றும்.

எந்தக் கடையின் விற்பனை?

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்க மால் குத்தகைகளில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு வாடகை இருக்கும். ஒன்று, மாதாமாதம் கட்ட வேண்டிய அடிப்படை வாடகை. மற்றொன்று, விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகையில் இத்தனை சதவீதம் என்று தருவது. ஆண்டு வாடகை 1,20,000 டாலர், விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வரம்பு 20 லட்சம் டாலரில் வரும். அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் 6 டாலர் உரிமையாளருக்கு. இதைக் கணக்கிடத்தான் கடைக்காரர் தன் விற்பனையை உரிமையாளரிடம் தெரிவிக்கிறார். ஆகவே மால் நிறுவனங்கள் வெளியிடும் சதுர அடி எண், கடைக்காரர்கள் சொன்னதைத் திரட்டியது. உரிமையாளர் கல்லாவில் உட்கார்ந்து எண்ணியது இல்லை.

இணையத்தில் வாங்கிய சட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை கடையின் விற்பனையிலிருந்து கழியுமா? இணையத்தில் ஆர்டர் செய்து கடையில் எடுத்துக்கொண்டால் அது யார் கணக்கு? இதற்கு ஒவ்வொரு குத்தகையும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. பேரம் பேசும்போது இரு தரப்பும் மல்லுக்கு நிற்கும் இடங்களில் இது ஒன்று. கடை நல்ல வியாபாரம் செய்தும் ஏட்டில் குறைவாகத் தெரியலாம், மறுபக்கமும் நடக்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் அடிக்குறிப்பில் இருக்கிறது. சைமனின் சதுர அடி எண்ணில் மால் கடைகளைப் பொறுத்தவரை 10,000 சதுர அடிக்குக் குறைவானவை மட்டுமே சேரும், பிராண்டுகள் தள்ளுபடி விலையில் விற்கும் அவுட்லெட் வளாகங்களுக்குத் தனி வரையறை. அதாவது மாலின் இரு முனைகளிலும் நிற்கும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் இதில் கிடையாது. சியர்ஸ் இல்லை, ஜேசி பென்னி இல்லை, மேசிஸ் இல்லை. 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. அந்த ஆண்டு சைமனின் எண் 628-இலிருந்து 661-க்கு ஏறியது. 2020 மே மாதம் ஜேசி பென்னி. அதன் விற்பனை சரிந்த வருடங்களின் சுவடும் இந்த வரிசையில் இல்லை.

டிபார்ட்மென்ட் ஸ்டோர் மட்டும் இல்லை. ஃபாரெவர் 21 இளைஞர்களுக்கான மலிவு உடைக் கடை, எந்த மாலுக்குப் போனாலும் கண்ணில் படும். 2019 செப்டம்பரில் அது முதல் முறை திவாலானபோது அதன் ஒரு கடையின் சராசரிப் பரப்பு 38,000 சதுர அடி அளவில் இருந்தது. வரம்பைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆக அதுவும் எண்ணுக்கு வெளியே. சைமனும் இன்னொரு பெரிய மால் உரிமையாளரான ப்ரூக்ஃபீல்டும் வேறொரு கூட்டாளியுடன் சேர்ந்து அதை வாங்கி நடத்திப் பார்த்தார்கள். 2025 மார்ச்சில் அதன் அமெரிக்கக் கடைகள் மறுபடி திவாலுக்குப் போய் மூடப்பட்டன. இந்தக் கதை முழுவதும் நடந்து முடிந்த காலத்தில் சதுர அடி எண் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெரிய கடைகளை விட்டது ஏமாற்று வேலையா என்றால், இல்லை. அது இந்தத் தொழிலின் பிறப்போடு வந்தது. 1956 அக்டோபரில் மினசோட்டா மாநிலம் ஈடைனாவில் திறந்த சவுத்டேல், கூரையும் குளிர்-வெப்பக் கட்டுப்பாடும் கொண்டு முழுக்க மூடிய முதல் மால். வடிவமைத்தவர் விக்டர் க்ரூன். அதை எழுப்பியதே டேட்டன்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் குடும்பம். போட்டியாளரான டொனால்ட்சன்ஸையும் அதே கூரைக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெரிய கடை கூட்டத்தை இழுக்கும், இடையில் நடக்கும் கூட்டம் சின்னக் கடைகளில் செலவழிக்கும் என்பதுதான் திட்டம். அதனால் மால் பரவியபோது பெரிய கடைக்குச் சலுகை வாடகை, பல இடங்களில் கட்டடமும் நிலமும் அதற்கே சொந்தம். உரிமையாளரின் வருமானம் சின்னக் கடைகளிலிருந்துதான் வந்தது. ஆகவே அவற்றை மட்டும் அளப்பது முதலீட்டாளருக்குப் பயனுள்ள அளவுகோல்தான். நாட்டு மால்களின் நிலையை அளக்கும் கோலாக அதைப் பிடித்துக்கொண்டால்தான் சிக்கல்.

சின்னக் கடைகளின் குத்தகையில் இன்னொரு ஷரத்தும் இருக்கும். குறிப்பிட்ட பெரிய கடை மூடினாலோ, வளாகத்தில் திறந்திருக்கும் கடைகள் இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனாலோ வாடகையைக் குறைத்துக் கட்டலாம், கெடு தாண்டினால் காலி செய்யவும் செய்யலாம். ஆகப் பெரிய கடையின் சாவு கடைசியில் சின்னக் கடைகளையும் வந்து தொடும். ஆனால் தாமதமாக. அப்படித் தொடும் நேரத்தில் அந்த மால் கணக்கிலேயே இல்லாமல் போயிருக்கலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அடுத்த இரண்டு நிறுவனங்களின் கதை காட்டுகிறது.

விலகிப்போன மால்கள்

2014 மே மாதம் சைமன் ஒரு காரியம் செய்தது. தன்னிடம் இருந்த சிறிய மால்கள் 44-ஐயும், சாலையோர வணிக வரிசைகள் 54-ஐயும் பிரித்து வாஷிங்டன் பிரைம் என்ற தனி நிறுவனமாக்கி, அதன் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிட்டது. சட்டப்படி எல்லாம் சுத்தம், அறிவித்தே செய்தார்கள். பங்குதாரர் கையில் அன்று காலை இருந்த சொத்து மாலையிலும் இருந்தது, இரண்டு காகிதங்களாக.

சராசரிக்கு என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள். ஒரே பரப்பில் மூன்று மால்கள், சதுர அடிக்கு 800, 600, 300 டாலர் விற்பனை என்று கற்பனை செய்வோம். சராசரி 567. மூன்றாவதை வேறு பெயரில் பிரித்து வைத்தால் மீதியின் சராசரி 700. எந்தக் கடையிலும் ஒரு சட்டைகூட அதிகம் விற்கவில்லை. தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைத் தேர்வு எழுதவே அனுப்பாமல் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளியைப் போலத்தான். ஒரு வித்தியாசம், இங்கே நோக்கம் அதுவாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நலிந்த மாலை விற்பது, பிரிப்பது, வங்கியிடம் விடுவது எல்லாமே நல்ல நிர்வாக முடிவுகளாக இருக்கலாம். சராசரி ஏறுவது அதன் பக்கவிளைவு.

வாஷிங்டன் பிரைம் 2015 தொடக்கத்தில் க்ளிம்ச்சர் என்ற இன்னொரு மால் நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டது. 2021 ஜூன் மாதம் திவால் மனு கொடுத்தது. அதே 2021-க்குத்தான் சைமன் 713 டாலர் காட்டியது. பிரிந்து ஏழு ஆண்டுகளில் ஒரு வீடு உச்சத்தில், மற்றது நீதிமன்றத்தில். 'அமெரிக்க மால்' என்று ஒருமையில் பேசினாலே தவறு வந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

டெனிசி மாநிலம் சாட்டனூகாவைத் தலைமையிடமாகக் கொண்ட சிபிஎல் இன்னும் சுவாரசியமானது. பெருநகரங்களை விட்டு நடுத்தர ஊர்களில் மால் நடத்தும் நிறுவனம் அது. 2019-க்கு அது காட்டிய சதுர அடி விற்பனை 380 டாலரை ஒட்டியது, முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் கூடுதல். விற்பனை ஏறுகிறது. ஆனால் அதே காலத்தில் பங்குதாரருக்கு ஈவுத்தொகை நிறுத்தப்பட்டது. 2020 நவம்பர் 1 அன்று திவால் மனு.

பெருந்தொற்று வந்ததால் கவிழ்ந்தது என்று சொல்லிவிடலாம், அதில் பாதி உண்மை. ஆனால் 2019-இன் ஏற்றத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சிபிஎல் தன் அறிக்கையில் மால்களை வகை பிரித்திருந்தது. நிலைபெற்ற மால்கள் ஒரு வகை. கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்கப் பேச்சு நடக்கும் மால்கள், என்ன செய்வதென்று யோசனையில் இருக்கும் மால்கள் ஆகியவை 'விலக்கப்பட்டவை' என்று வேறொரு வகை. விற்பனை எண் நிலைபெற்றவற்றுக்கு மட்டும். ஒரு மால் சறுக்கத் தொடங்கினால் சில ஆண்டுகள் சராசரியைக் கீழே இழுக்கும், அப்புறம் விலக்கப்பட்ட பட்டியலுக்குப் போகும், சராசரி மூச்சு வாங்கிக்கொள்ளும். கடன் மட்டும் பட்டியல் பார்த்து விலகுவதில்லை. கூடவே, பெரிய கடைகள் காலி செய்ததால் சிறு கடைகளுக்குத் தர வேண்டியிருந்த வாடகைக் குறைப்பு வருமானத்தை அரித்தது. விற்பனை ஏறியும் வாடகை இறங்கியது. நிறுவனம் வாழ்வது வாடகையில்தானே, விற்பனையில் இல்லையே.

சைமனும் இந்த வழியில் போகாதது இல்லை. ஜார்ஜியா மாநிலம் கென்னசாவில் இருந்த டவுன் சென்டர் அட் காப் என்ற மாலின் கடனைக் கட்டாமல் விட்டு, 2021 தொடக்கத்தில் அது கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. பெரிய நிறுவனத்தில் ஒரு மால் போனால் சத்தம் வருவதில்லை.

2020, பிறகு அந்த 'உச்சம்'

2020 மார்ச் 18 மாலை சைமன் தன் அமெரிக்க வளாகங்கள் அனைத்தையும் மூடியது. மே தொடக்கத்தில் மாநில விதிகளைப் பொறுத்து ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அந்த ஆண்டு எல்லா வளாகங்களிலும் சேர்த்து சுமார் 13,500 வணிக நாட்கள் போயின என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. அந்த ஆண்டுக்கான சதுர அடி எண்ணை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்பதால் வரிசையில் அதை விட்டுவிட்டேன்.

2021-இல் நடந்தது வேறு. ஆளுக்கு 1,200, பிறகு 600, பிறகு 1,400 டாலர் என்று மூன்று தவணையாக அரசு மக்களுக்குப் பணம் அனுப்பியிருந்தது. உணவகம், பயணம், விழா எதுவும் இல்லாமல் சேமிப்பு குவிந்திருந்தது. வெளியே வந்தவுடன் உடை, காலணி, நகை வாங்கினார்கள். இணைய வணிகத்தின் பங்கு 2019-இல் மொத்தச் சில்லறை விற்பனையில் சுமார் 11 சதவீதமாக இருந்து 2020-இன் இரண்டாம் காலாண்டில் 16 சதவீதத்தை எட்டிக் குதித்தது. இனி கடையே வேண்டாம் என்று எழுதாதவர் இல்லை. ஆனால் 2024-இலும் அந்தப் பங்கு 16 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கடைகள் திறந்ததும் இறங்கி, மறுபடி மெல்ல ஏறி அதே இடத்துக்கு வரவே நான்கு ஆண்டுகள் ஆகின.

சரி, 753 டாலர் உச்சத்தின் மதிப்பு என்ன? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் நுகர்வோர் விலைக் குறியீடு 2019-க்கும் 2022-க்கும் இடையே சுமார் 14.5 சதவீதம் ஏறியது, 2024-க்குள் சுமார் 22.7 சதவீதம். அந்த ஏற்றத்தைக் கழித்து 2019 டாலராக மாற்றிப் பார்த்தால், 2021-இன் 713 என்பது 673 ஆகிறது. உச்சம் எனப்பட்ட 753 என்பது 658. 2023-இன் 743 என்பது 623. 2024-இன் 739 என்பது 602. 2019-இன் 693-ஐ இவற்றில் ஒன்றும் தொடவில்லை. விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் சாதனை ஆண்டு என்று ஒன்று வரவே இல்லை, ஐந்து ஆண்டுகளில் 13 சதவீத இறக்கம்தான் வந்தது.

இந்தக் கணக்கையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. மாலில் அதிகம் விற்பது உடை. உடையின் விலை பொது விலைவாசியைவிட மிகக் குறைவாகவே ஏறியது. எரிபொருள், வாடகை வீடு, உணவு ஆகியவைதான் குறியீட்டை ஏற்றின. ஆக, துணிமணியின் எண்ணிக்கையில் பார்த்தால் கடைகள் 2019 அளவுக்கு ஏறக்குறைய விற்றிருக்கக்கூடும். கடைக்காரருக்கு இதில் ஆறுதல் கிடையாது. அவர் விற்கும் பொருளின் விலை மெதுவாக ஏறியது, அவர் கொடுக்கும் கூலியும் கடை அமைக்கும் செலவும் வேகமாக ஏறின. அதே அளவு துணி விற்றும் இலாபம் சுருங்கும் நிலை அது. எந்தக் குறியீட்டால் வகுக்கிறோம் என்பது யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதலீட்டாளருக்குப் பொதுக் குறியீடே சரி என்பது என் எண்ணம்.

வாடகையை வைத்துப் பார்த்தாலும் படம் ஒத்துப்போகிறது. சைமனின் அடிப்படை வாடகை 2019-இல் சதுர அடிக்கு 54.59 டாலர், 2024-இல் 58.26. ஏற்றம் 6.7 சதவீதம். அதே ஐந்து ஆண்டில் விற்பனை ஏற்றம் 6.6 சதவீதம். இரண்டும் கைகோத்துப் போயிருக்கின்றன, இரண்டும் விலைவாசிக்குப் பின்தங்கியிருக்கின்றன. விற்பனையை மீறி வாடகை கேட்க முடியாது என்ற பழைய விதி நின்று வேலை செய்திருக்கிறது.

நிரம்பிய கடைகளின் விகிதத்தில் மட்டும் நிஜமான முன்னேற்றம் தெரிகிறது. 2019-இல் 95.1 சதவீதம், 2020-இல் 91.3, பிறகு ஆண்டுதோறும் 93.4, 94.9, 95.8 என்று ஏறி 2024-இல் 96.5. விற்பனை 753-இலிருந்து 739-க்கு இறங்கிய அதே இரண்டு ஆண்டுகளில் காலி இடம் குறைந்திருக்கிறது. முரண் மாதிரி இருக்கிறது, ஆனால் இடத்தை நிரப்ப வரும் கடைசி வாடகைதாரர் வளாகத்தின் சிறந்த விற்பனையாளராக இருப்பது அரிது. அவர் வந்தால் சராசரி இறங்கலாம், உரிமையாளரின் வருமானம் ஏறும். சதுர அடி எண் இறங்கியது கெட்ட செய்தி என்று 2024-இல் எழுதியவர்கள், அது ஏறியபோது நல்ல செய்தி என்று எழுதியவர்களைப் போலவே அவசரப்பட்டார்கள்.

போகிற போக்கில் கார் விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்லா தன் காட்சிக்கூடங்களை மால்களுக்குள் வைத்தது. ஒரு சின்னக் கடை, 10,000 சதுர அடிக்குக் குறைவு, விற்பதோ பல்லாயிரம் டாலர் கார். ஆப்பிள் கடையே சராசரியைத் தூக்கி நிறுத்துகிறது என்று ஏற்கெனவே புகார் இருந்தது. 2019-ஐ ஒட்டி உயர்தர மால் நிறுவனங்களின் எண்கள் துள்ளியபோது ஆய்வாளர்கள் கேட்ட முதல் கேள்வி 'டெஸ்லாவைக் கழித்தால் எவ்வளவு' என்பதுதான். பக்கத்துக் காலணிக் கடைக்கு ஒரு ஜோடிகூட அதிகம் விற்காமல் மாலின் தரம் ஒரு படி ஏறிவிடும்.

எண்ணுக்கு வெளியே நிற்பவை

ஆகவே ஆண்டு அறிக்கை வந்ததும் நான் பார்க்கும் வரிசை வேறு. சதுர அடி எண்ணுக்கு முன், சென்ற ஆண்டு கணக்கில் இருந்து இந்த ஆண்டு இல்லாமல் போன வளாகங்கள் எவை என்று பார்ப்பேன். அடுத்து, முடிந்துபோன குத்தகைகள் என்ன வாடகைக்குப் புதுப்பிக்கப்பட்டன என்பது. கடைக்காரரின் விற்பனையில் வாடகையும் பராமரிப்பும் சேர்ந்து எத்தனை சதவீதம் தின்கின்றன என்பது அதற்கும் அடுத்தது. சைமனில் அது 12, 13 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, தாங்கக்கூடிய அளவு.

பெரிய கடைகள் காலி செய்த இடத்தில் என்ன வருகிறது என்பதும் விற்பனை எண்ணில் தெரியாது. சவுத்டேலில் ஜேசி பென்னி 2017-இல் மூடிய இடத்தில் 2019 முடிவில் லைஃப் டைம் என்ற உடற்பயிற்சிக் கூடம் திறந்தது. அதன் உறுப்பினர் கட்டணம் எந்தச் சதுர அடிக் கணக்கிலும் வராது. ஆனால் வாரத்துக்கு நான்கு நாள் வந்துபோகும் ஆட்களை அது கொண்டுவருகிறது. அந்த டிபார்ட்மென்ட் ஸ்டோர் தன் கடைசி ஆண்டுகளில் அத்தனை பேரைக் கொண்டுவந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். எல்லா ஊரிலும் இது நடக்காது. பழைய கட்டடத்தை இடித்து மாற்றும் பணம் சைமனிடம் உண்டு, வாஷிங்டன் பிரைமிடம் இருக்கவில்லை.

அடுத்து இது தெரியப்போகும் இடம் மேசிஸ். 2024 பிப்ரவரியில் அந்நிறுவனம் சுமார் 150 கடைகளை 2026-க்குள் மூடுவதாக அறிவித்தது. மால் முனைகளில் நிற்கும் அந்தக் கடைகளின் விற்பனை இப்போதும் எந்தச் சதுர அடி எண்ணிலும் கிடையாது, ஆகவே மூடும் ஆண்டில் வரிசையில் ஒரு சலனமும் இருக்காது. சின்னக் கடைகள் தங்கள் ஷரத்தை எடுத்துக் காட்டி வாடகையைக் குறைக்கக் கேட்பது அதற்குப் பிறகு. குத்தகை முடியும்போது சிலர் கிளம்புவது அதற்கும் பிறகு. 2027, 2028 அறிக்கைகளில் சதுர அடி விற்பனை உயர்ந்திருந்தால், எத்தனை மால்களை வைத்து அந்தச் சராசரி எடுக்கப்பட்டது என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். அது வழக்கமாகப் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும்.